அருமைநாயகம் சாரும் ஈயக்கதவு அலமாரியும்

அருமைநாயகம் சாரின் அடக்கத்துக்கு நான் பாதி மீசை கறுப்பும் பாதி மீசை வெள்ளையுமாகப் போனேன். இதை மறைத்துப் பயனில்லை. வந்திருந்த நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். இடது பக்கம் முடிந்து வலது பக்கத்துக்கு பிரஷை எடுக்கும்போது போன் அடித்தது. சாரின் மனைவி ஸ்டெல்லா டீச்சர். "ஏகாம்பரம் அண்ணே, சார் போயிட்டாங்க" என்றார். அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஐதராபாத் லோத்குண்டாவில் எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் நடுவில் மிலிட்டரிக்காரர்களின் மதில்தான் இருக்கிறது. மதிலைச் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் அழுதுகொண்டே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடி அழுகை நின்றது. அப்புறம் இன்னும் பெரிதாக அழுதார். ஏன் என்று எனக்கு வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு நான் எழுதுவது இதுவே முதல் முறை. நான் அஞ்சாவது வரைதான் படித்தவன். என் அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். அவர் சாயங்காலங்களில் சிலேட்டில் எழுதிக் காட்டிய தமிழ்தான் என் தமிழ். நாச்சாரம் தாண்டி இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவது, பார்சல் கொண்டு வருவது, குப்பையைப் பிரித்து வைப்பது. சார் அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இருபது வருடம் ஐதராபாத்தில் இருந்தும் தெலுங்கில் நாலு வார்த்தைதான் அவருக்குத் தெரியும். அதில் இரண்டு தப்பு.

அடக்கத்தன்று பலர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்கள்: "ரேடியேஷன்தானா?" இல்லை. நெஞ்சு வலி. அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, மாலைநேரத்து மிர்ச்சி பஜ்ஜியும் இருந்தது. உடம்பில் பட்ட கதிரைச் சொல்லும் அவருடைய பேட்ஜ் கணக்கு அத்தனை வருடமும் 'ஒன்றுமில்லை' என்றே வந்தது. அந்தத் தாள்களை ஒழுங்காகக் கோப்பில் குத்தி வைத்தவன் நான். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

எங்கள் கூடத்தில் உயிரியல்காரர்கள் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சில பொருள்களில் கதிர்வீசும் சரக்கைச் சேர்த்து அனுப்புவார்கள். அது போகிற இடமெல்லாம் தன்னைக் காட்டிக்கொண்டே போகும். அந்தச் சரக்கு மும்பையிலிருந்து விமானத்தில் வரும். அப்போது விமானங்கள் பேகம்பேட்டில்தான் இறங்கின. பார்சல் எடுக்க நானும் சாரும் ஜீப்பில் போவோம். மஞ்சள் சீட்டும் கதிர்வீச்சுக்கான மூன்று இதழ் முத்திரையும் ஒட்டிய பெட்டியைப் பார்த்தாலே சரக்குக் கூடத்துக் குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். "நக்கோ பாய், இதர் நக்கோ" என்று, இங்கே வேண்டாம் என்று கையை ஆட்டுவார். ஆனால் பெட்டியை வைத்திருப்பது எங்கே என்று பார்த்தால் அவர்களுடைய குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில். பயமும் இருக்கிறது, தண்ணீர்ப் பானையும் இருக்கிறது.

சார் கோபப்படவில்லை. கதிரைத் தட்டித் தட்டி எண்ணும் கவுண்டரைக் கையில் கொண்டு போயிருந்தார், அதைப் பெட்டியில் வைத்தார். அது மழை பெய்கிற மாதிரிப் படபடவென்று தட்டியது. குமாஸ்தாவின் கையைப் பிடித்து இரண்டு எட்டு பின்னால் அழைத்து வந்தார். சத்தம் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. இன்னும் இரண்டு எட்டு. எப்போதாவது ஒரு சொட்டு. "இம்புட்டுத்தான்வே மொத்தப் பாடமும்" என்று என்னிடம் சொன்னார். "தள்ளி நில்லும், சீக்கிரம் முடியும், நடுவுல ஒரு தடுப்பு வையும்." அதை நான் உருதுவில் குமாஸ்தாவுக்குச் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது பானை இடம் மாறியிருந்தது. திரும்பி வரும்போது ஜீப்பில், "சார், நம்ம துறைத் தலைவர்கிட்டயும் இதேதான் ரூலு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் கழித்து வராந்தாவில் தனியாக நடந்து போகும்போது நின்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு எப்போதும் அப்படித்தான் வந்து சேரும். பார்சலாவது சொன்ன நாளில் வரும்.

அவரிடமிருந்து நான் காதில் வாங்கிக்கொண்டவை நிறைய. கதிரில் ஆல்ஃபா என்று ஒன்று உண்டு, அது ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது, எங்கள் கூடத்தில் அதற்கு வேலை இல்லை. பீட்டா உண்டு, காமா உண்டு. பீட்டாவிலேயே பாஸ்பரஸின் பீட்டா முரடு, பத்தடிக்கும் மேலே காற்றில் பறக்கும். ட்ரிடியத்தின் பீட்டா நோஞ்சான், நம் தோலைக்கூடத் துளைக்காது. ஆனால் சார் அதிகம் முறைத்தது அந்த நோஞ்சானைத்தான். கவுண்டருக்கு அதன் சத்தம் கேட்கவே கேட்காது. மேசையை ஈரக் காகிதத்தால் துடைத்து, அந்தக் காகிதத்தை ஒரு திரவத்தில் போட்டு, மின்னுகிற வெளிச்சத்தை மெஷின் எண்ண வேண்டும். "தட்டுதவன நம்பலாம்வே. கேக்காதவன்தான் டீ கிளாஸ் வழியா வயித்துக்குள்ள போயிருவான்" என்பார். இந்தச் சரக்கைக் கையாளும் அறைக்குள் யாராவது பிஸ்கெட் பொட்டலத்தோடு நுழைந்தால் போதும், காரிடார் முழுக்கத் துரத்துவார். ஒரு விஞ்ஞானி அம்மாவை அப்படிப் பெண்கள் கழிப்பறை வாசல் வரை துரத்தியிருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று பிஸ்கெட்டைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டதை நான் பார்த்தேன்.

இன்னொரு முறை, புதிதாகச் சேர்ந்த விஜயவாடாப் பெண் ஒருத்தி பாஸ்பரஸ் குப்பியைச் சுற்றி மெல்லிய ஈயத்தகட்டை அக்கறையாக மடித்துக் கட்டி வைத்திருந்தாள். ஈயம் என்றால் நல்ல காவல் என்று நாமும்தானே நினைப்போம். சார் வந்து தகட்டுக்கு வெளியே கவுண்டரை வைத்தார். தட்டிக்கொண்டிருந்தது. "வேகமா ஓடி வாரவன் கனமான செவுத்துல முட்டி நிப்பான். ஆனா நின்ன வேகத்துல எக்ஸ்ரே ஒண்ணு கிளம்பும்" என்றார். அதனால் பாஸ்பரஸுக்கு விரல் கனத்தில் பிளாஸ்டிக் பலகை. மெதுவாக நிற்க வைக்க வேண்டும். அயோடினுக்கு மட்டும் ஈயம். அதிலிருந்து வருவது காமா. பிளாஸ்டிக் அதற்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி, அதுபாட்டுக்குப் போய்விடும். எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் மச்சினன் கோபமாக வந்தால் நான் கதவைச் சாத்துவதில்லை, நாற்காலி போட்டுக் காபி கொடுப்பேன். இதைச் சொன்னபோதும் சார் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொன்னது, சனிக்கிழமை சிரித்தார்.

இப்போது அந்த அலமாரி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சங்கத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

ஊரெல்லாம் ஹைடெக் சிட்டி வேலைக்குப் போகிறவர்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. எனக்கும் ஒன்று இருந்தது. தீப்பெட்டி அளவு பேட்ஜ், மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை மும்பைக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து தாள் வரும். அந்த வருடம் என் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் என் பெயர் ஏறியிருந்தது. பதினோரு வருடம் தற்காலிகமாக இருந்தவன். வருடா வருடம் கையெழுத்துப் போட்டு நீட்டித்தால்தான் அடுத்த வருடம் உண்டு என்கிற பிழைப்பு. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வருகிற ஆட்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, பர்மனென்டா என்பதுதான். என் மனைவி ஒவ்வொரு முறையும், "ஆவப் போவுது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து என் பேட்ஜின் தாள் வந்தது. கதிர் அளவு அனுமதித்த கோட்டைத் தாண்டி எங்கோ போயிருந்தது. அத்தனை கதிர் வாங்கியவனை அறைக்குள் விடக்கூடாது, விசாரணை வைக்க வேண்டும். துறைத் தலைவர் நல்ல மனிதர்தான். அவருக்குத் தலைவலி கூடாது, அவ்வளவே. பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடலாம் என்றாராம். எனக்குச் சொன்னது டைப்பிஸ்ட் அம்மா. கேட்ட நேரத்திலிருந்து எனக்குத் தலைமுடி உதிர்வது போலவும் தொண்டை வீங்குவது போலவும் இருந்தது. முடி முன்பே உதிர்ந்துவிட்டது என்பது வேறு.

சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசை மேல் அந்தத் தாள். பேட்ஜை எப்போதும் மாட்டியிருந்தாயா என்று கேட்டார். எப்போதும் என்றேன். அது பொய். சார் கவுண்டரை எடுத்து என் தொண்டையில் வைத்தார். நகராதே என்றார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதாவது ஒரு சொட்டு விழுந்தது, சும்மா காற்றில் வைத்தாலும் விழுகிற சொட்டு. அயோடின் உடம்புக்குள் போனால் நேராகத் தொண்டைக்குப் போய் உட்காரும், அங்கே ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் தாளை என் பக்கம் திருப்பினார்.

பேட்ஜுக்குள் மூன்று ஜன்னல் உண்டாம். ஒன்று திறந்த ஜன்னல், ஒன்றுக்குப் பிளாஸ்டிக் மூடி, ஒன்றுக்கு உலோக மூடி. பாஸ்பரஸ் பட்டிருந்தால் பிளாஸ்டிக் மூடியிலேயே பாதி மட்டுப்பட்டிருக்கும். என் பேட்ஜில் திறந்த ஜன்னலிலும் பிளாஸ்டிக் ஜன்னலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. உலோகத்துக்குக் கீழேதான் குறைந்திருந்தது. பலகைக்கும் ஈயத்துக்கும் அவர் சொன்ன அதே கணக்கு, தீப்பெட்டிக்குள்.

"நீரு அயோடின் அலமாரியில தலைய விட்டீரா?"

"நக்கோ சார். நான் இன்னாத்துக்கு அங்க போறேன்?"

"நீரு போகலவே. உம்ம பேட்ஜ் போயிருக்கு."

அதற்கு மேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. அயோடின் குப்பையை அடைத்து வைக்க ஓர் அலமாரி உண்டு. ஈயம் பதித்த கதவு. குப்பையின் கதிர் பாதியாகி, பாதியில் பாதியாகி, பத்து முறை அப்படி ஆகும் வரை அது உள்ளேயே கிடக்க வேண்டும், ஒன்றரை வருடத்துக்கும் மேல். ஈயக்கதவு போட்டிருக்கிறார்கள் என்றால் அதுதான் இருப்பதிலேயே பெரிய பேய் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த பேட்ஜ் எதற்கு என்றும் எனக்கு நானே முடிவு கட்டியிருந்தேன். கதிரை உறிஞ்சிக்கொள்ளும் சாமான், அதனால்தான் மார்பில் குத்தச் சொல்கிறார்கள், நிறைந்துவிட்டால் மும்பைக்கு அனுப்பிக் காலி செய்து கொண்டு வருகிறார்கள். ஆகவே சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த அலமாரியைத் திறந்து, உள்பக்க ஆணியில் பேட்ஜை மாட்டிவிட்டுப் போவேன். இரவெல்லாம் உறிஞ்சட்டும், காலையில் அறை கொஞ்சம் சுத்தமாக இருக்கும் என்று. வெள்ளிக்கிழமை மாட்டினால் திங்கட்கிழமைதான் எடுப்பேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உறிஞ்சும்னு யாருவே உமக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். எங்களாண்ட யாரும் ஒண்ணுமே சொன்னதில்ல."

உண்மை அது. வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு வகுப்பு நடக்கும். சார்தான் எடுப்பார், இங்கிலீஷில், படம் போட்டு. மாணவர்கள், விஞ்ஞானிகள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வகுப்புக்கு டீ கொண்டு போவது நானும் என்னைப் போன்ற மூன்று பேரும். டீ வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். பார்சலைத் தூக்குவது நாங்கள், குப்பையைப் பிரிப்பது நாங்கள், பாடம் மட்டும் டீ குடிப்பவர்களுக்கு. சாருக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். பிறகு, கதவைத் திறந்து மாட்ட எத்தனை நொடி ஆகும், எந்தக் கை, எவ்வளவு தள்ளி நிற்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். காலி அலமாரி ஒன்றின் முன்னால் என்னை நிறுத்தி மாட்டிக் காட்டச் சொன்னார், கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. கூட்டிப் பார்த்துவிட்டு, "உமக்கு ஒண்ணும் இல்ல. போய் வேலையப் பாரும்" என்றார். முகத்தில் மட்டும் கடுகு போட்டால் வெடிக்கும். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

விசாரணைக் கூட்டத்துக்கும் டீ கொண்டு போனது நான்தான். உள்ளே நுழையும்போது சார் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. என்ன சொன்னார் என்று எனக்கு இங்கிலீஷில் பாதிதான் புரிந்தது. முழுசாகச் சொன்னது டைப்பிஸ்ட் அம்மா, அறிக்கையை அடித்த கை அவருடையது. இந்தக் கதிர் பேட்ஜில் பட்டது, ஆள் மேல் படவில்லை, இன்னின்ன காரணத்தால். உதவியாளருக்கு பேட்ஜ் எதற்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய பொறுப்பு அருமைநாயகத்துடையது, அவர் அதைச் செய்யவில்லை. அதற்குக் கீழே அவர் கையெழுத்து.

என் பெயர் பட்டியலில் இருந்தது. அவருக்கு மெமோ வந்தது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை, அடுத்த வருடம்தான் வந்தது. எனக்காக இப்படி எழுதிவிட்டீர்களே சார் என்று போய் நின்றேன். எரிந்து விழுந்தார்.

"உமக்காக எழுதலவே. நடந்தத எழுதினேன். பேட்ஜ் செய்த வேலையத்தான் நானும் செஞ்சேன்."

அந்த மாதமே சனிக்கிழமைகளில் உதவியாளர்களுக்குத் தனி வகுப்பு தொடங்கினார். அவர் தமிழில் சொல்வார், நான் தெலுங்கிலும் உருதுவிலும் சொல்வேன். ஜனங்களுக்குப் பிடிபட வேண்டுமே என்று நான் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். பாஸ்பரஸ் சத்தம் போடும் மாமன், பதினாலு நாளில் பாதிக் கோபம் தணிந்துவிடும். ட்ரிடியம் வாயே திறக்காத ஓரகத்தி, பன்னிரண்டு வருடம் ஆனாலும் பாதிதான் குறையும். அயோடின் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படிக்குப் போகிற விருந்தாளி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சார் முழிப்பார். "நான் ரெண்டு வரிதான சொன்னேன், நீரு என்னவே பத்து நிமிசம் பேசுதீரு?" என்று கேட்பார். விளக்கம் சார் என்பேன். வருடக் கடைசியில் எங்கள் ஆட்களிடம் கேள்வி கேட்டுப் பார்த்தார். நாற்பது பேரில் ஒருவர்கூட பேட்ஜ் உறிஞ்சும் என்று சொல்லவில்லை. அவரும் நானும் அன்றைக்கு மிர்ச்சி பஜ்ஜி சாப்பிட்டோம், எனக்கு வந்த நிரந்தர உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. உத்தரவை வாங்கிப் பார்த்தார், பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை என்றார், திருப்பிக் கொடுத்தார். வாழ்த்தெல்லாம் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பெண் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று வேளையும் சாப்பிட்டார்.

பிறகு கதிர் இல்லாமல் மின்னும் சாயத்தின் ஒளியிலேயே வேலை பார்க்கும் முறைகள் வந்தன. பேகம்பேட்டும் மூடி, விமானம் ஊருக்கு வெளியே போய்விட்டது. எங்கள் அறைக்கும் பார்சல் வருவது குறைந்தது. சாரும் ஓய்வு பெற்றார். ஞாயிறு தோறும் என் வீட்டுக்கு வந்து, போன வாரம் நான் சொன்னதற்குச் சிரித்துவிட்டுப் போவார். கடைசி ஞாயிறு நான் சொன்னதற்கு மட்டும் அவர் சிரிக்க நாள் கிடைக்கவில்லை. அது அவ்வளவு நல்ல நகைச்சுவையும் இல்லை, பரவாயில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு தாள். அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நான் படித்துப் பெயர்த்துச் சொல்வதற்காக அவரே கையால் தமிழில் எழுதி அறைக்கதவில் ஒட்டியது. அறையை மாற்றியபோது நான் பத்திரமாக உரித்து எடுத்துக்கொண்டேன். அதில் இருப்பது மூன்று வரி:

இந்த பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது.
உங்களுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லும்.
காப்பாற்ற வேண்டியது நாம், ஒருவரை ஒருவர்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அதை லேமினேட் செய்து வீட்டில் மாட்டலாம் என்று கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் தமிழ் தெரியாதவர், ஆனால் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி மெஷினில் விட்டார். தாள் கோணலாகப் போய், நடுவில் விசிறி போல மடிந்து, அப்படியே பிளாஸ்டிக்குக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் மடிப்புக்குள் இருக்கின்றன. 'இந்த பேட்ஜ் உங்களைக் காப்பாற்றாது' என்பது மட்டும் தெளிவாகப் படிக்க வருகிறது. கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் சுருக்கமே இல்லை என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். இல்லை.